நர்ஸுக்கு மட்டும் ஒரு நாற்காலி

நர்ஸுகளை வெளிநாட்டுக்கு அனுப்பும் நம் ஆபீஸில் நான் உட்கார்ந்திருந்த மேசைக்கு இப்போது நீங்கள் வந்திருக்கிறீர்கள். எந்த நாட்டுக்கு எந்த விசா, எந்தத் தேர்வில் எவ்வளவு மதிப்பெண் வேண்டும் என்பதையெல்லாம் நான் சொல்லித்தரப் போவதில்லை. நான் மனப்பாடமாக வைத்திருந்த விதிகளில் பாதி இன்று செல்லாது. அந்தந்த நாட்டு அரசாங்கத்தின் இணையதளத்தைத் தினமும் காலையில் படியுங்கள். யூடியூபை நம்பாதீர்கள். யூடியூபில் பார்த்துவிட்டு வருகிறவர்களிடம் கத்திக் கத்தித்தான் என் தொண்டை போயிற்று.

நான் எழுத வந்தது நாற்காலியைப் பற்றி.

உங்கள் மேசைக்கு எதிரே ஒரே ஒரு நாற்காலிதான் கிடக்கும். அது முதலாளியின் கஞ்சத்தனம் என்று நினைத்து இன்னும் இரண்டு வாங்கிப் போடச் சொன்னீர்களாம். கேள்விப்பட்டேன். ஓய்வு பெற்று வீட்டில் கால் வீக்கத்துக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தவள் பேனாவை எடுத்ததற்கு அதுதான் காரணம்.

எனக்கு முன்னால் அந்த மேசையில் இருந்தவர் ஒரு பழைய ஹெட் நர்ஸ். சிரித்து நான் பார்த்ததில்லை. நானும் நர்ஸாக இருந்தவள்தான். முதுகு போய், வார்டில் நிற்க முடியாமல் இந்த வேலைக்கு வந்தேன். சேர்ந்த அன்று எதிரே இன்னொரு நாற்காலி கிடந்தது. அந்த அம்மா அதைக் காலால் தள்ளி வெளியே விட்டார். "வெளிநாட்டுக்குப் போறவ ஒருத்திதானே. மத்தவன் எதுக்கு உட்காருதான்?" என்றார். எனக்குக் கொடுத்த பயிற்சி அவ்வளவுதான்.

அது ஏன் என்று வந்த கொஞ்ச நாளிலேயே புரிந்துவிட்டது. நம் ஊரில் ஒரு நர்ஸ் தனியாக வந்து விசா விவரம் கேட்கமாட்டாள். அப்பா வருவார், அண்ணன் வருவான், துபாயில் வண்டி ஓட்டிவிட்டு வந்த சித்தப்பா வருவார். சித்தப்பாவுக்கு இங்கிலாந்து, அயர்லாந்து, ஜெர்மனி எல்லாம் தெரியும். நாம் கேள்வி கேட்பது நர்ஸிடம், பதில் வருவது சித்தப்பாவிடமிருந்து. அவள் எந்த வருஷம் படித்து முடித்தாள் என்று கேட்டால் அதையும் அவரே தப்பாகச் சொல்வார். அவள் திருத்தமாட்டாள். கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருப்பாள். ஐசியூவில் மெஷின் அலறும்போது டாக்டர் வரும்வரை ஓர் உயிரைப் பிடித்து நிறுத்துகிறவள் அவள். இங்கே வந்தால் வாய் இருக்காது. எனக்கு அதைப் பார்த்தால் ஆத்திரம் வரும். அவள்மேலும் வரும், அவரைப் பார்த்தும் வரும்.

இப்போது அதற்குமேல் ஒரு கூத்து நடக்கிறது. உங்களுக்கும் வரும், தயாராக இருங்கள். கல்யாணத்துக்குப் பார்க்கிற பெண் நர்ஸ் என்றால் ஜாதகம் பார்க்கும் முன்னே எந்த நாடு என்று பார்க்கிறார்கள். இங்கிலாந்துக்கு நர்ஸாகப் போனால் புருஷன் கூடப் போகலாம், அங்கே வேலையும் பார்க்கலாம். அரபு நாட்டு ஆஸ்பத்திரிகள் பலவற்றில் நர்ஸுகளை விடுதியில் தங்கவைக்கிறார்கள், புருஷனுக்கு அங்கே இடமில்லை. ஜெர்மனி என்றால் முதலில் மொழி படிக்கவேண்டும். இதெல்லாம் மாப்பிள்ளை வீட்டாருக்கு அத்துபடி. துறைமுகத்தில் கண்டெய்னர் எப்போது இறங்கும் என்று விசாரிப்பதுபோல நம்மிடம் வந்து விசாரிப்பார்கள். கையில் தூத்துக்குடி மக்ரூன் இனிப்பு டப்பா இருக்கும்.

அப்படி வந்தவர்களில் ஒரு கூட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

முத்துமாரி திருச்செந்தூர்ப் பக்கம் ஆத்தூர்ப் பெண். அப்பாவுக்கு வெற்றிலைக் கொடிக்கால். தூத்துக்குடியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஐசியூ நர்ஸாக இருந்தாள். ஆங்கிலத் தேர்வை முதல் தடவையிலேயே முடித்தாள். இங்கிலாந்தில் ஓர் ஆஸ்பத்திரி வீடியோவில் பேசிப் பார்த்து வேலை கொடுத்தது. அரபு நாட்டு ஆஸ்பத்திரி ஒன்றும் அவளை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. இரண்டு வாய்ப்பு கையில் இருந்த நர்ஸுகளை நான் அதிகம் பார்த்ததில்லை.

இங்கிலாந்து செய்தி ஊருக்குத் தெரிந்ததும் சம்பந்தம் வந்துவிட்டது. ஆறுமுகநேரியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சியின் மகன் செந்தில். துறைமுகத்தில் சரக்குக்குச் சுங்க அனுமதி வாங்கித்தரும் ஒரு கிளியரிங் ஆபீஸில் வேலை. நல்ல குடும்பம் என்றார்கள். நிச்சயமும் முடிந்தது. முதலில் அவள் விண்ணப்பம் போடுவாள், கிளம்பும் முன் கல்யாணம், கல்யாணச் சான்றிதழ் கையில் வந்ததும் அவள் புருஷனாக அவனும் விண்ணப்பம் போடுவான் என்று ஏற்பாடு.

ஒருநாள் அண்ணாச்சியும் செந்திலின் தாய்மாமாவும் முத்துமாரி இல்லாமல் வந்தார்கள். மாமா மஸ்கட்டில் கடை வைத்திருந்தவர். பேச்சு முழுவதும் அவருடையதுதான்.

"மேடம், பையனுக்கு விசா என்னைக்கு வரும்?"

"எந்தப் பையனுக்கு?"

"நம்ம செந்திலுக்குத்தான். முத்துமாரியைக் கெட்டப்போறவன்லா."

"முத்துமாரி எங்க?"

"அவ டூட்டியில கெடப்பா. அவ எதுக்கு? நாங்க கேட்டாப் பத்தாதா?"

"பத்தாது."

மாமா அண்ணாச்சியைப் பார்த்துச் சிரித்தார். "நாங்க என்ன வழியில போறவங்களா? சம்பந்தி வீடு மேடம்."

"சம்பந்தி வீட்டுக்கு நான் ஃபைல் திறக்கல. நர்ஸுக்குத் திறந்திருக்கேன். அவ வந்து உட்கார்ந்து கேட்டா அவகிட்ட சொல்லுவேன்."

"சரி, மக்ரூனாவது எடுத்துக்கிடுங்க."

"சுகர் இருக்கு."

படியிறங்கும்போது மாமா சொன்னது மேலே எனக்கு நன்றாகவே கேட்டது. "ஏலே, இந்தப் பொம்பளைக்கு எப்படிய்யா சுகர் வந்துச்சு? வாயில ஒரு சொட்டு இனிப்பைக் காணோமே."

நேரே முதலாளியிடம் போய்ச் சொல்லிவிட்டார்கள். முதலாளி என்னைக் கூப்பிட்டார். "ரெண்டு வார்த்தை நல்லபடியா சொல்லி அனுப்புனா என்ன மேடம்? நாலு நர்ஸைக் கூட்டிட்டு வாரவங்க."

"அவங்க நர்ஸைக் கூட்டிட்டு வரல சார். மாப்பிள்ளையைக் கூட்டிட்டு வாராங்க."

அவருக்கு என்மேல் கோபம். அவரை நான் குறை சொல்லவில்லை. வாடகை கட்டுகிறவர் அவர். ஆனால் இந்தத் தொழிலில் நமக்கு வாடிக்கையாளர் யார் என்பதைத் தினமும் யாராவது நமக்கு மாற்றிச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். நீங்கள் மாற்றிக்கொள்ளக் கூடாது.

முத்துமாரி விண்ணப்பம் போடும் நாள் வந்தது. ஒரு வேன் பிடித்து எல்லோரும் வந்துவிட்டார்கள். முத்துமாரி, அவள் அப்பா, செந்தில், அண்ணாச்சி, மாமா. முதலாளி எனக்கு முன்னாலேயே வந்து என் மேசைக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டுவைத்திருந்தார். நானே ஒவ்வொன்றாகத் தூக்கி வெளியே வைத்தேன். முதுகு வலித்தது, பரவாயில்லை.

"வந்தவங்களை நிக்க வைக்கறதுதான் உங்க ஆபீஸ் மரியாதையோ?" என்றார் மாமா.

"வெளியே பெஞ்ச் இருக்கு. ஃபேன் ஓடுது. உட்காருங்க."

கதவைச் சாத்தினேன். முத்துமாரி உட்கார்ந்தாள். நான் கேட்பதற்குள் அவளே கேட்டுவிட்டாள்.

"அக்கா, கூட ஆளைக் கூட்டிட்டுப் போக முடியாத நாடு எது?"

இத்தனை வருஷத்தில் இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. எல்லோரும் இதைத் தலைகீழாகத்தான் கேட்பார்கள்.

"ஏன்?" என்றேன்.

செல்போனை நீட்டினாள். ஆறுமுகநேரி பஸ் ஸ்டாப் பக்கம் கட்டியிருந்த ப்ளெக்ஸ். அதில் செந்தில் கோட்டு சூட்டு போட்டு, கறுப்புக் கண்ணாடி மாட்டி ஆளுயரத்துக்கு நிற்கிறான். பின்னால் மணிக்கூண்டு, அதற்குமேல் ஒரு விமானம். இங்கிலாந்து செல்லும் எங்கள் அன்பு மாப்பிள்ளையை வாழ்த்தி வழியனுப்புகிறோம் என்று எழுதி, கீழே மாமாவின் படமும் நண்பர்களின் படங்களும் தபால்தலை அளவில். முத்துமாரியின் படம் இல்லை. பெயர்கூட இல்லை. விமானத்துக்கு இடம் இருந்தது.

"வேலையையும் விட்டுட்டாரு அக்கா. நிச்சயம் முடிஞ்ச கையோட. ஆபீஸ்ல சால்வை போட்டு அனுப்பிட்டாங்களாம்."

"விசாவுக்கு இன்னும் விண்ணப்பமே போடலையேளா?"

"நானும் அதைத்தான் கேட்டேன். 'நீதான் பாஸாயிட்டியே'ங்காரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை.

"ஆள் மோசமா?"

"மோசம்லாம் இல்லக்கா. தினமும் பேசுவாரு. அங்கன டிரைவிங் லைசென்ஸ் எடுக்கலாமா, குடோன் வேலை கெடைக்குமான்னு கேப்பாரு. போன வாரம் எங்க ஐசியூல காலேஜ் படிக்கிற பிள்ளை ஒண்ணு செத்துப்போச்சு. ரொம்ப நேரம் நெஞ்சை அமுக்குனேன். அதை அவர்ட்ட சொன்னேன். 'அய்யோ பாவம்'னாரு. அப்புறம், குளிருக்கு எந்த ஜாக்கெட் வாங்கணும்னு கேட்டாரு."

செல்போனைக் கைப்பைக்குள் வைத்தாள். பிறகு மேசைப் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னாள். "அக்கா, நீங்க ஒண்ணு சொன்னாப் போதும். இங்கிலாந்துல ரூல் மாறிட்டு, இனிமே யாரும் புருஷனைக் கூட்டிட்டுப் போக முடியாதுன்னு சொல்லிருங்க. டிவியிலயும் அப்படித்தான் வந்துச்சு. நம்பிருவாங்க. அவங்களே நிச்சயத்தை முறிச்சிருவாங்க. எங்கப்பாவுக்கும் அசிங்கம் இல்ல. இல்லேன்னா நான் அரபு நாட்டுக்கே போயிருதேன்."

இந்த இடத்தில் நிறுத்தி நீங்களே யோசியுங்கள். அவள் கேட்டது சுலபமான பொய். பராமரிப்பாளர் வேலைக்குப் போகிறவர்கள் குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது என்று இங்கிலாந்து உண்மையிலேயே விதியை மாற்றியிருந்தது. நர்ஸுக்கு அது பொருந்தாது. ஆனால் டிவியில் அவ்வளவு விவரமாகச் சொல்லவில்லை. நான் கதவைத் திறந்து ஒரு வாக்கியம் சொன்னால் போதும், வேன் திரும்பிவிடும். பழி அரசாங்கத்தின்மேல் போகும். பெண் தப்பித்துவிடுவாள். அந்த மாமாவின் முகம் எப்படி மாறும் என்று பார்க்க எனக்கு ஆசையாகவும் இருந்தது. மறைக்கவில்லை.

ஆனால் நம் பெஞ்சில் ஒரு வார்த்தை விழுந்தால் அன்று சாயங்காலத்துக்குள் திருச்செந்தூர் வரை போய்விடும். புருஷனையும் பிள்ளையையும் கூட்டிப்போகலாம் என்று நம்பி ராப்பகலாக ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்த நர்ஸுகள் எங்களிடம் இருந்தார்கள். நான் சொன்னால் அவர்கள் நம்புவார்கள். படிப்பை நிறுத்துவார்கள். நம் வாயிலிருந்து வருவது இவர்களுக்குச் சட்டம். ஒருத்தியைக் காப்பாற்ற அதை வளைத்தால் இன்னொருத்தி விழுவாள், அது நமக்குத் தெரியவே தெரியாது.

இன்னொன்றும் இருந்தது. அரபு நாடு கெட்டது என்று நான் சொல்லமாட்டேன். அங்கே போய் நன்றாக இருக்கிறவர்கள் ஆயிரம் பேர். ஆனால் இவள் அந்த ஆஸ்பத்திரியைப் பார்த்து அங்கே போகவில்லை. ஓர் ஆளிடமிருந்து ஒளிவதற்குப் போகிறாள். ஒளிவதற்குப் போன இடத்தில் யாரும் காலூன்றி நான் பார்த்ததில்லை.

"நான் பொய் சொல்லமாட்டேன் முத்து," என்றேன். "ஆளைத் தவிர்க்க நாட்டை மாத்தாத. ஆளை வேண்டாம்னா ஆள்கிட்ட சொல்லு."

"பயமா இருக்குக்கா."

"இருக்கட்டும். ஐசியூல பயம் இல்லாமலா நிக்குத?"

"அங்க பேசவேண்டாம்லா. வேலை செஞ்சாப் போதும்."

"இதையும் ஒரு வேலைன்னு நினைச்சுக்க. அவனை உள்ளே கூப்பிடட்டுமா? நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். ஆனா எந்திரிச்சும் போகமாட்டேன்."

மெஷினில் ரீடிங்கைப் பார்ப்பதுபோல மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தலையாட்டினாள்.

கதவைத் திறந்து செந்திலை மட்டும் கூப்பிட்டேன். மாமாவும் எழுந்தார். "நீங்க உட்காருங்க" என்றேன். செந்தில் உள்ளே வந்து நாற்காலியைத் தேடினான். இல்லை. நின்றான். நல்ல வளர்த்தியான பையன். சட்டைப்பையில் பேனாகூட வைத்திருந்தான், எங்கேயோ கையெழுத்துப் போட வந்தவன்போல.

முத்துமாரி அவனைப் பார்க்காமல் ஆரம்பித்தாள். "நான் இங்கிலாந்துக்குத் தனியாப் போறேன். கல்யாணம் இப்ப வேண்டாம்."

அவனுக்கு முதலில் புரியவில்லை. "ஏன், விசாவுல என்னமும் சிக்கலா?" என்று என்னைக் கேட்டான். நான் முத்துமாரியைப் பார்த்தேன்.

"விசாவுல ஒண்ணும் இல்ல. நான்தான் சொல்லுதேன்."

"நான் வேலையை விட்டுட்டேனேளா!"

"யாரு விடச் சொன்னா?"

"ப்ளெக்ஸ்லாம் வச்சாச்சு..."

"அதுல நான் எங்க?"

"அது மாமா வச்சது."

"உங்க போட்டோவை யாரு கொடுத்தா?"

அவன் பேனாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். "இனி ஊர்ல நான் எப்படித் தலைகாட்டுவேன்?"

"அதான் பஸ் ஸ்டாப்புல பெருசாக் காட்டியிருக்கீங்களே."

இதைச் சொல்லிவிட்டு அவளே பயந்துபோனாள். என்னைப் பார்த்தாள். நான் சிரிக்காமல் முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அதற்குப் பிறகு அவள் குரல் இறங்கியது. "உங்களைத் தப்புன்னு சொல்லல. அங்க போயி நான் முதல்ல நிக்கணும். அங்கயும் நர்ஸ் பரீட்சை இருக்கு, வேலை படிக்கணும். உங்களையும் சேர்த்துத் தூக்கிட்டு என்னால இப்ப முடியாது. நான் கால் ஊன்னுன பிறகு நீங்களும் பிரியப்பட்டா அப்பப் பேசலாம். அதுவரைக்கும் காத்திருக்க முடியாதுன்னா முறிச்சிருங்க. நான் குறை சொல்லமாட்டேன்."

அவன் வெளியே போனான். உடனே பெஞ்சில் சத்தம் கிளம்பியது. மாமா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"ஏளா, யாருகிட்ட என்ன பேசுத? இந்தப் பொம்பள சொல்லிக்கொடுத்தாளா?" பதிலுக்குக் காத்திராமல், வாசலுக்கு எழுந்து வந்திருந்த அவள் அப்பா பக்கம் திரும்பினார். "வே, பிள்ளையை வளர்த்த லட்சணமா இது? ரெண்டு எழுத்துப் படிச்சுட்டா தலையில ஏறி உட்கார்ந்துருவாளோ?"

முத்துமாரியின் அப்பா அதுவரை வாயே திறக்காதவர். தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார். "போறவ அவ. அவளுக்குத் தெரியும்லா," என்றார். மறுபடியும் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். வேனில் அவரைத் திரும்ப ஏற்றமாட்டார்கள் என்று அப்போதே அவருக்குத் தெரிந்திருக்கும். அப்பாவும் மகளும் பஸ்ஸில்தான் ஆத்தூர் போனார்கள்.

போகும் முன் விண்ணப்பத்தை முடித்தோம். கூட வருகிறவர்கள் யாராவது உண்டா என்று கேள்வி வந்தபோது நான் கீபோர்டை அவள் பக்கம் தள்ளினேன். இல்லை என்று அவளே அடித்தாள்.

நிச்சயம் முறிந்துவிட்டது. அவள் போய்விட்டாள். எப்போதாவது குரல் செய்தி அனுப்புவாள். மகிழ்ச்சியாக இருக்கிறேன் என்றெல்லாம் சொல்லமாட்டாள். முதுகு வலி, மழை, தலைமை நர்ஸோடு சண்டை, இப்படித்தான். கல்யாணம் ஆகவில்லை. அதைப் பற்றி நான் கேட்பதுமில்லை. தனியாகப் போகிறவள் எல்லாம் ஜெயித்துவிடுவாள் என்று உங்களிடம் கதை சொல்ல எனக்கு விருப்பமில்லை. அவள் போக நினைத்த இடத்துக்கு, நினைத்தபடி போனாள். அதற்குமேல் நம் வேலை இல்லை.

செந்திலுக்குப் பழைய ஆபீஸில் வேலை திரும்பக் கிடைக்கவில்லை, வேறொரு கிளியரிங் ஆபீஸில் சேர்ந்தான் என்று கேள்வி. அவனுக்காகவும் எனக்குக் கோபம் வருகிறது. பாஸ்போர்ட்டில் விசா விழும்வரை வேலையை விடாதே என்று வீட்டில் ஒருவர் சொல்லவில்லை, ப்ளெக்ஸுக்கு மட்டும் ஆளுக்கு ஆள் ஓடியிருக்கிறார்கள். நீங்கள் சொல்லுங்கள். வருகிற எல்லோரிடமும் முதல் நாளே சொல்லுங்கள்.

இன்னொன்றைச் சொல்லி முடிக்கிறேன். நான் வேலையை விட்டு நிற்பதற்குக் கொஞ்சம் முன்னால் அதே மாமா மறுபடி படியேறி வந்தார். கையில் மக்ரூன் டப்பா. பின்னால் அண்ணாச்சியும் செந்திலும். அவர்களோடு காயாமொழிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, நர்ஸ். செந்திலுக்கு அடுத்துப் பார்த்திருக்கிற பெண்.

என்னைப் பார்த்ததும் மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் அறைக்குள் எட்டிப்பார்த்தார். எதிரே ஒரே நாற்காலி. அண்ணாச்சியையும் செந்திலையும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருஷத்தில் இந்த ஊருக்கு நான் கற்றுக்கொடுத்தது அவ்வளவுதான். அதையும் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அழித்துவிடாதீர்கள்.

அந்தப் பெண் உள்ளே வந்து உட்கார்ந்தாள். பெயர் என்ன என்று கேட்டேன். அவள் திரும்பி பெஞ்சைப் பார்த்தாள்.

எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, "இப்பச் சொல்லு" என்றேன்.